குடைவுக் கையும் அந்தச் சிவப்புப் புள்ளியும்

லேத்தில் சுற்றும் மர ஜாடியின் உள்ளே குடையும் எஃகுப் பாரைத் தாங்கிப் பிடிக்கும் மூட்டுக் கைதான் குடைவுக் கை. என்னுடையதன் நடு மூட்டில் பேரிங் மாற்றி மறுபடி பூட்டியாயிற்று. இந்த நேரம் பார்த்து நண்பர் ஒருவர், "தோள் வலி தாங்கவில்லை, நானும் ஒன்று வாங்கிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார். அவர் இன்றுவரை நீளக் கைப்பிடி போட்ட பாரிலேயே ஜாடி குடைபவர். அவருக்கு எழுத ஆரம்பித்தது நீண்டுவிட்டது, சரி, எல்லோருக்குமாகவே இருக்கட்டும். மூட்டு எத்தனை, பார் என்ன கனம், நுனியில் மரத்தை வெட்டும் டிப் கார்பைடா ஹைஸ்பீடு ஸ்டீலா என்பதையெல்லாம் விற்பவர்களே சொல்லிவிடுவார்கள். வருடக்கணக்கில் வேலை வாங்கிய பிறகு தெரிய வந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் கை. அதில் எனக்குக் குறையே கிடையாது. சின்ன வாய் வழியாக நுழைந்து ஜாடியின் தோளுக்கு அடியில் குடைய வளைந்த பார் வேண்டும். வளைந்த பாரில் டிப் தண்டின் நேர்கோட்டை விட்டு விலகி நிற்கிறது. அதனால் சுற்றும் மரம் டிப்பை அழுத்தும் போதெல்லாம் பார் உருளப் பார்க்கும். கையால் பிடித்தால் அந்த முறுக்கு முழுக்க மணிக்கட்டுக்கும் தோளுக்கும்தான் வரும். மூட்டுக் கை அதை வாங்கி லேத்தின் அடிச்சட்டமான பெட்டில் இறக்கிவிடுகிறது. நாம் செய்வது பாரை இடமும் வலமும் முன்னும் பின்னும் நகர்த்துவது மட்டும். ஆழமான ஜாடி ஒன்றைக் குடைந்து முடித்த பிறகும் விரலில் நடுக்கம் இல்லாமல் உளியைத் தீட்ட முடிகிறது என்றால் அது இந்தக் கையால்தான்.

இதையே சாக்காக வைத்து "இனி அதிர்வே வராது" என்று விற்கிறார்களே, அதை நம்ப வேண்டாம். பாரைத் தாங்கும் டூல் ரெஸ்டுக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி வளையத்தான் செய்யும். நீட்டம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. பாரின் விட்டத்தைக் கூட்டினால்தான் விமோசனம்: 16 மி.மீ. பாரை 19 ஆக்கினால் விறைப்பு கிட்டத்தட்ட இரட்டிக்கிறது. மூட்டு எவ்வளவு நயமானதாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. கீச்சென்று அலறல் கேட்டால் பாரை மாற்றுங்கள், அல்லது வேகத்தைக் குறைத்து வெட்டை மெல்லியதாக்குங்கள்.

பேரிங் விஷயத்துக்கு வருகிறேன். மூட்டில் பக்கவாட்டு அசைவு இருந்தாக வேண்டும், அதற்காகத்தான் மூட்டே. மேல்கீழாக ஆட்டம் கொடுத்தால்தான் ஆபத்து. உள்பக்கம் குடையும்போது டிப்பை மரம் சுற்றும் மையக் கோட்டுக்கு ஒரு மயிரிழை மேலே வைப்போம். அழுத்தத்தில் டிப் கொஞ்சம் இறங்கினாலும் அகலமான இடத்தை நோக்கித்தான் போகும், வெட்டு தானாக லேசாகும். மையத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் நிலைமை தலைகீழ். மரத்தின் வளைவு உள்நோக்கித் திரும்புவதால் டிப் இன்னும் ஆழமாகக் கொத்தும். தேய்ந்த பேரிங்கில் உள்ள துளி ஆட்டம் டிப் நுனிக்குப் போய்ச் சேரும்போது பெருகிவிடுகிறது. பாரின் நுனியை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், 'டக் டக்' என்று கையில் தட்டினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. நல்ல வேளையாக உள்ளே இருந்தது எங்கும் கிடைக்கும் சாதாரண அளவு பேரிங். இதை வடிவமைத்தவருக்கு மனதார நன்றி.

இப்போது லேசர். இதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது, ஏனென்றால் மேலே சொன்ன நிம்மதி அத்தனையையும் இது ஒன்றே கெடுக்கிறது.

யோசனை அருமையானது. டிப்புக்கு நேர் மேலே, ஜாடிக்கு வெளியே, ஒரு லேசர் கீழ்நோக்கி அடிக்கிறது. 6 மி.மீ. கனம் வேண்டுமென்றால் புள்ளியை டிப்புக்கு 6 மி.மீ. தள்ளி வைக்கிறோம். உள்ளே குடையக் குடையப் புள்ளி ஜாடியின் விளிம்பை நெருங்கி, கனம் சரியாக வந்ததும் வெளியே விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத டிப்பை வெளியிலிருந்தே பார்க்க வழி செய்கிறது. மேலிருந்து பார்க்கும்போது தெரியும் ஜாடியின் வெளிவரை, மைய உயரத்தில் உள்ள வரைதானே. எனவே கணக்கும் சரி.

ஆனால் ஜாடி குழாய் இல்லை, வளைவு. வயிற்றுப் பகுதியில் புள்ளி டிப்புக்கு நேர் பக்கவாட்டில் இருக்க வேண்டும். வாய்க்கு அடியில் தோளை வெட்டும்போது அது பின்பக்கமாக, அதாவது நம்மை நோக்கி, திரும்ப வேண்டும். வயிற்றைத் தாண்டி அடியை நோக்கி ஒடுங்கும்போது முன்பக்கம், அதாவது நம்மை விட்டு விலகி, சாய வேண்டும். அடித்தளத்தில் லேசரால் பிரயோஜனமே இல்லை. அங்கே ஜாடியின் அடிக்கு அப்பால், மரத்தைக் கவ்விச் சுழற்றும் சக்கில் பிடித்த கழிவு மரம் இருப்பதால் புள்ளி விழுவதற்கு இடமே கிடையாது. முன்கூட்டியே வேண்டிய ஆழத்துக்குத் துளை போட்டு வைத்துக்கொள்வதுதான் ஒரே வழி. ஆக, ஒரே ஜாடிக்குள் லேசரை மறுபடி மறுபடி தளர்த்தி, திருப்பி, இறுக்க வேண்டியிருக்கிறது.

இறுக்கும்போதுதான் எனக்குக் கோபம் தலைக்கேறும். லேசர் தண்டைப் பிடித்திருப்பது பக்கவாட்டில் குத்தும் ஒரே ஒரு திருகு. அதைத் திருகும்போது கடைசிக் கால் சுற்றில் தண்டும் கூடவே இழுபடுகிறது. புள்ளியைச் சரியாக வைத்து இறுக்கினால் நகர்ந்துவிடும். நகரும் என்று தெரிந்து தள்ளி வைத்தால் அன்றைக்கு நகராது. இறுக்கியும் நிற்குமா என்றால் அதுவும் இல்லை, லேத்தின் அதிர்வில் மெல்ல மெல்லத் தளரும். 6 மி.மீ. சுவரில் 1 மி.மீ. என்றால் ஆறில் ஒரு பங்கு, அதைச் சின்னப் பிழை என்று எப்படிச் சொல்வது? அப்புறம், ஜாடியின் பக்கம் சரியத் தொடங்கும் இடத்தில் வட்டப் புள்ளி கோடாக நீள்கிறது. கோட்டின் எந்த முனை விழுந்தால் நிறுத்துவது? ஈரமான கருமரத்தில் அந்தச் சிவப்பே மங்கிவிடுகிறது.

இதனால் ஒரு ஜாடி போயிற்று. வேர்முண்டில், அதாவது மரத்தில் புடைத்து வளரும் முண்டில், கடைந்தது, சுழிசுழியாக ரேகை, திரும்பக் கிடைக்காத மரம். புள்ளி இன்னும் மரத்தின் மேல் நிதானமாக நின்றுகொண்டிருந்தது. சத்தம் திடீரென்று மெலிந்து மேலேறியது. நிறுத்தப் போவதற்குள் டிப் வெளியே எட்டிப் பார்த்துவிட்டது. தண்டைத் தொட்டதும் லேசர் ஆடியது. தயாரித்தவர்களுக்கு எழுதினேன். "திருகை இன்னும் நன்றாக இறுக்கவும்" என்று பதில் வந்தது. எத்தனை பேர் எழுதியும் இதே திருகுதான் இன்றைக்கும் வருகிறது என்றால், இவர்களில் யாரும் இன்னும் காயாத ஒரு பச்சை மர ஜாடியை முழுசாகக் குடைந்து பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன்.

பச்சை மரம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. காயும்போது மரம் வருட வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, ஆரத் திசையில் சுருங்குவதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு பங்கு. அதனால்தான் வட்டமாகக் கடைந்த வாய் காய்ந்ததும் நீள்வட்டமாகிறது. அது அழகுதான், ஆனால் சுவர் ஒரே கனமாக இருந்தால் மட்டும். ஓரிடம் தடிப்பும் ஓரிடம் மெலிவுமாக இருந்தால் மெலிந்த பக்கம் முந்திக் காய்ந்து இழுக்கும், சேருமிடத்தில் வெடிப்பு விழும். இன்னொன்று, மெலிந்த சுவர் லேத்தில் இருக்கும்போதே அசையத் தொடங்கிவிடும். அதனால் தோளைக் கடைசிக் கனத்துக்கு முடித்துவிட்டுத்தான் கீழே இறங்க வேண்டும், மேலே திரும்பி வரவே கூடாது. லேசரைத் திருப்பித் திருகிக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் மரம் காய்ந்துகொண்டே இருக்கிறது. எனக்கு எரிச்சல் வருவது அதனால்தான்.

ஜாடிக்குள் சீவல் அடைத்துக்கொள்வதைப் பற்றியும் நண்பர் கேட்டிருந்தார். அடைக்கும். எந்தக் கருவியும் அதைத் தீர்க்காது. லேத்தை நிறுத்தி, காற்றடித்து வெளியேற்றி, மறுபடி தொடங்குங்கள். சுற்றும்போது வாய்க்குள் விரல் போகவே கூடாது.

லேசருக்குப் பதில் கேமரா வைத்த கையில் ஒரு முறை குடைந்து பார்த்தேன். திரையில் டிப்பைச் சுற்றி வேண்டிய கனத்தில் ஒரு கோடு வரைந்துகொள்கிறார்கள். ஜாடியின் விளிம்பு அந்தக் கோட்டை எந்தப் பக்கத்தில் தொட்டாலும் தெரிந்துவிடுகிறது, திருப்ப வேண்டிய வேலையே இல்லை. அதைப் பார்த்த பிறகு என்னுடைய சிவப்புப் புள்ளி மேல் இருந்த கொஞ்சப் பொறுமையும் போய்விட்டது.

சரி, வாங்கலாமா? இவ்வளவு நல்ல கையை வைத்துக்கொண்டு இப்படிச் சொல்வது சரியில்லைதான், ஆனால் இப்போது கேட்டால் வேண்டாம் என்பேன். 15 செ.மீ. ஆழத்துக்குள் கடைபவருக்குக் கைப்பாரே போதும். அமெரிக்க மரக்கடைசல் கலைஞர் டேவிட் எல்ஸ்வொர்த் 1970களிலேயே விரல் நுழையும் வாய் வழியாக வளைந்த கருவிகளைக் கையில் பிடித்துத்தான் மெல்லிய கலங்களைக் குடைந்தார். கைப்பாரில் காது பழகும், சுவர் மெலிவதைச் சத்தமே சொல்லும். தோள் வலிதான் பிரச்சினை என்றால் கையை மட்டும் வாங்குங்கள், லேசர் சேர்த்த தொகுப்பு வேண்டாம். என்னுடையதை விற்பீர்களா என்று கேட்காதீர்கள், கொடுக்க மாட்டேன்.

ஏற்கெனவே லேசரோடு வாங்கிவிட்டவர்கள் அந்தப் பக்கத் திருகைக் கழற்றிவிட்டு, தண்டைச் சுற்றிலும் கவ்வும் பிளவுக் கிளாம்ப் ஒன்றைப் போடுங்கள். நான் இப்போது அதைத்தான் போட்டிருக்கிறேன், இறுக்கும்போது புள்ளி நகர்வதில்லை. லேசரைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் கேலிப்பரால் சுவரை ஒரு முறை அளந்துவிட்டு அடுத்த வெட்டைத் தொடங்குங்கள்.