38 வெள்ளி மூலக்கூறு மாடல் பெட்டி: மூன்று மாதத்துக்குப் பிறகு

மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனில் பள்ளிச் சாமான் விற்கும் கடையில் வாங்கினேன். 38 வெள்ளி (ரிங்கிட்); தவுக்கே, அதாவது கடை முதலாளி, இரண்டு வெள்ளி குறைத்துக்கொண்டார். தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் படிவம் ஆறு (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) பிள்ளைகளுக்கு கெமிஸ்ட்ரி டியூசன் எடுக்கிறேன், அதற்காக.

உருண்டைகளைக் குச்சியால் கோக்க வேண்டும்: கறுப்பு கார்பன், வெள்ளை ஹைட்ரஜன், சிவப்பு ஆக்சிஜன். ஓட்டைகளின் கோணம் சரியாக இருக்கிறது, அதுதான் முக்கியம். குச்சிகள்தான் லூசு. மெத்தேன் செய்து கையில் கொடுத்தால் ஒரு ஹைட்ரஜன் கழன்று சாக்கடையைத் தேடி ஓடுகிறது. இதுவரை நாலு போய்விட்டது.

ஆனால் வேதியியல் அறிஞர் ரோல்ட் ஹோஃப்மன் பாடத்தன்று, முனைகளைத் திருப்பிக் காட்ட அந்த லூசுதான் கைகொடுத்தது. 1937இல் அன்றைய போலந்தில் பிறந்தவர். நாஜிகளுக்குப் பயந்து அம்மாவோடு ஒரு பள்ளிக்கூடப் பரணில் ஒளிந்து கிடந்த பையன், அப்பாவைக் கொன்றுவிட்டார்கள். 1949இல் அமெரிக்கா போனார். அங்கே உட்வர்ட் என்ற வேதியியலாளர், வைட்டமின் பி12 செய்யும் வேலையில், ஒரு வளையம் நினைத்ததற்கு மாறாக மூடிக்கொள்வதைப் பார்த்துக் குழம்பியிருந்தார். வளையம் எந்தப் பக்கம் திரும்பி மூடும் என்று சொல்லும் விதியை இருவரும் சேர்ந்து 1965இல் வெளியிட்டார்கள்.

நாலு கார்பனைக் கோத்து பியூட்டடையீன் செய்து, இரு முனையிலும் வெளிப்பக்கமாக, வெறும் அடையாளத்துக்கு, ஒவ்வொரு சிவப்பு உருண்டை வைத்தேன். சூடாக்கினால் இரண்டு முனையும் ஒரே திசையில் திரும்பி வளையமாகும்: ஒரு சிவப்பு மேலே, ஒன்று கீழே. புற ஊதா ஒளி பட்டால் எதிரெதிராகத் திரும்பும்: இரண்டும் ஒரே பக்கம்.

“வெயிலுக்கும் அடுப்புக்கும் இவ்வளவு வித்தியாசமா சார்?” என்றாள் ஒரு பிள்ளை.

ஏன் என்று காட்டப் பெட்டியில் ஒன்றுமில்லை. ஆர்பிட்டலின் (அணுவில் எலக்ட்ரான் இருக்கும் பகுதி) பிளஸ், மைனஸ் குறிகள்தான் காரணம். ஒரே குறியுள்ள பக்கங்கள் சந்தித்தால்தான் பிணைப்பு வரும். இரண்டு குறிக்கும் கறுப்பு, வெள்ளை அட்டை வெட்டி முனைகளில் ஒட்டினேன். இந்த விலைக்கு அவர்களே நாலு அட்டை போட்டிருக்கலாம். இரட்டைப் பிணைப்புக்கான வளையும் குச்சியில் இரண்டு அன்றைக்கே வெடித்துவிட்டன.

ஹோஃப்மனுக்கு 1981இல் ஜப்பானிய வேதியியலாளர் ஃபுகுயியோடு நோபல் கிடைத்தது. உட்வர்ட் 1979இலேயே காலமாகிவிட்டார். ஹோஃப்மன் கவிதையும் எழுதுவார் என்றதும்தான் கடைசி வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது.

வெள்ளை உருண்டை மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று தவுக்கேயிடம் கேட்டேன். முழுப் பெட்டிதானாம். இப்போதைக்கு வெள்ளிக்கிழமை பூஜைக் கொண்டைக்கடலையைக் குச்சி முனையில் குத்தி ஹைட்ரஜன் என்கிறேன். வகுப்பு முடிவதற்குள் யாராவது தின்றுவிடுகிறார்கள்.