குற்றாலத்து லாட்ஜில் கரப்பான்: ஸ்ப்ரேயா, சாக்பீஸா, ஜெல்லா, ஒரு வாளித் தண்ணீரா?

சாரலுக்குக் குற்றாலம் கிளம்புகிறவர்கள் ஐந்தருவியில் தண்ணீர் விழுகிறதா, பேரருவியில் கூட்டம் எப்படி என்று தென்காசியில் இருக்கும் சொந்தக்காரர்களைத் துளைத்து எடுப்பார்கள். அறையில் கரப்பான் இருக்குமா என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டும் பலனில்லை, இருக்கும். வெக்கையும் ஈரமும் சேர்ந்த ஊர், பத்துப் பேர் தங்கி எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் போகும் அறை, ராத்திரி பத்து மணிக்குப் பொட்டலம் பிரித்துச் சால்னா ஊற்றும் கூட்டம். கரப்பானுக்கு இதைவிட என்ன வேண்டும்? வாடகை கூடினால் எண்ணிக்கை குறையலாம். அறவே இல்லாத அறைக்கு யாரும் உறுதி சொல்ல முடியாது.

ஆகவே, வந்தால் எதைக் கையில் எடுப்பது என்பதுதான் கேள்வி. இரண்டு ராத்திரி தங்குகிறவருக்கு உதவுவது வேறு, லாட்ஜ் நடத்துகிறவருக்கு உதவுவது வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலரும் பையில் மருந்துக்கடையையே சுமந்து வருகிறார்கள்.

அதற்கும் முன்னால், வந்திருப்பது எந்த ரகம் என்று பார்க்க வேண்டும். செம்பழுப்பு நிறத்தில் நான்கு சென்டிமீட்டர் வரை நீளமாக, குளியலறைப் பக்கமிருந்து வந்து, புழுக்கமான ராத்திரியில் பறந்தும் காட்டுவது பெரிய ரகம். அதன் வீடு சாக்கடை. அறைக்கு விருந்தாளிதான், உங்களைப் போல. இன்னொன்று ஒன்றரை சென்டிமீட்டர் தாண்டாத வெளிர்பழுப்பு ரகம். தலைக்குப் பின்னால் முதுகுப் பட்டையில் இரண்டு கருங்கோடு இருக்கும், பறக்காது. டிவிக்குப் பின்னால், குளிர்சாதனப் பெட்டியின் மோட்டார் சூட்டில், கட்டில் மூட்டில் குடும்பம் நடத்தும். எல்லாரையும் அலறவைப்பது பெரியது. நான் பயப்படுவது சின்னதுக்கு. பெரியது பதினைந்து முட்டை கொண்ட கூட்டை எங்காவது ஒட்டிவிட்டுப் போய்விடும். சின்னதன் பெட்டையோ முப்பது, நாற்பது முட்டை கொண்ட கூட்டைப் பொரிக்கும் தறுவாய் வரை வயிற்றோடு சுமக்கும். அப்படி ஒன்று பைக்குள் ஏறினால் ஊருக்குக் குடும்பமே வந்து சேரும். இதை ஜெர்மன் கரப்பான் என்கிறார்கள். 2024இல் வெளியான மரபணு ஆய்வோ, இது சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா, மியான்மர் பக்கத்து ஆசியக் கரப்பானிலிருந்து பிரிந்தது என்கிறது. நம்ம ஊர்ச் சரக்குதான்.

பெரியது வந்தால் எல்லாரும் முதலில் தேடுவது ஸ்ப்ரே. கண்ணெதிரே கவிழ்ந்து காலை ஆட்டுவதால் மனசுக்கு ஒரு நிறைவு, அது உண்மை. ஆனால் பத்துக்குப் பத்து அறையில், ஏசிக்காக ஜன்னலைச் சாத்திவிட்டு, பிள்ளைகள் படுத்திருக்கும்போது அடித்தால் பாதி மருந்து போர்வையிலும் தலையணையிலும்தான் விழும். ஆஸ்துமா இருப்பவருக்குக் கரப்பானும் ஆகாது, இந்தப் புகையும் ஆகாது. இவற்றில் இருப்பது பெரும்பாலும் பைரித்ராய்டு வகை மருந்து. இதற்கு ஒரு குணம் உண்டு. சாகாத பூச்சியை எரிச்சலூட்டி மறைவிடத்திலிருந்து கிளப்பிவிடும். ஒன்றைக் கொல்லப் போய் நான்கு சுவரேறும், அல்லது பக்கத்து அறைக்குக் குடிபோகும். மீனுக்கும் இந்த வகை மருந்து கடும் விஷம். சாக்கடை கடைசியில் எந்த ஆற்றில் சேரும் என்பது சிற்றாற்றங்கரையில் நிற்கிறவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடித்தே தீர வேண்டுமென்றால் குளியலறைக்குள் மட்டும் அடித்துக் கதவைச் சாத்திவிட்டு அருவிக்குப் போங்கள். வந்ததும் ஜன்னலைத் திறந்து, தரையைக் கழுவிவிட்டுப் பிள்ளைகளை உள்ளே விடுங்கள்.

பூச்சி சாக்பீஸ் இதற்கு இளைய தம்பி. அதிலும் அதே வகை மருந்துதான். காய்ந்த தரையில் வாசல் ஓரம் கோடு போட்டால் தாண்டுகிற பூச்சி மெதுவாகச் சாகும். குற்றாலத்தில் காய்ந்த தரையை எங்கே தேடுவது? ஈரத்துண்டும் ஈரக்காலுமாக ஆள் மாற்றி ஆள் வந்துபோகையில் அரைமணி நேரத்தில் கோடு அழிந்து காலோடு போய்விடும். போதாததற்கு அது பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் மாதிரியே இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் கூட்டத்தில் நான் அதை எடுத்துவர மாட்டேன்.

ஜெல், மருந்து என்ற அளவில் இவை எல்லாவற்றையும்விட மேல். ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட் போன்றவை கலந்த இரை அது. கதவுக் கீல், அலமாரி மூலை என்று பொட்டுப் பொட்டாக வைத்தால் தின்றது கூட்டுக்குப் போய்ச் சாகும். அதன் கழிவையும் பிணத்தையும் தின்கிற மற்றவையும் சாகும். ஆனால் இதற்கு நாள் கணக்கில் பொறுக்க வேண்டும். வெள்ளி ராத்திரி வந்து ஞாயிறு மதியம் கிளம்புகிறவர் ஜெல் வைத்தால் பலன் அடுத்து வருகிறவருக்குத்தான். புண்ணியம் சேரும், தூக்கம் வராது. லாட்ஜ்காரர்களுக்கோ நான் இதைத்தான் சொல்வேன். கூடவே, ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடிக்கச் சொல்லாதீர்கள். வாடை பட்ட இரையைப் பூச்சி தொடாது. ஒரே இரையையே வருஷக்கணக்கில் வைப்பதும் உதவாது. இனிப்புப் பூசிய இரையை ஒதுக்கக் கற்ற சின்ன ரகக் கூட்டங்கள் உண்டு. குளுக்கோஸ் அவற்றின் நாக்கில் கசப்பாகவே பதிகிறது என்று 2013இல் கண்டுபிடித்தார்கள்.

வாஷ்பேசினில் போடும் பாச்சா உருண்டை நாற்றத்தை மறைக்கும், அவ்வளவுதான். கைக்குழந்தை இருந்தால் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைக்கு அந்த உருண்டையிலுள்ள நாப்தலின் ரத்த அணுக்களையே சிதைக்கும். காதுக்குக் கேட்காத ஒலியால் பூச்சியை விரட்டும் என்று விற்கிற, பிளக்கில் செருகும் அல்ட்ராசோனிக் கருவிக்குக் கொடுக்கிற காசுக்கு நாலு பார்டர் புரோட்டா தின்னலாம். வாரியல்? ஒற்றைக் கரப்பானுக்கு அதைவிட வேகமான மருந்து இல்லை. அடித்த இடத்தைத் துடைத்துவிட வேண்டும், அது ஒன்றுதான் வேலை.

இனி என் கட்சிக்கு வருகிறேன். பெரிய ரகம் அறைக்குள் ஏறும் வழி பெரும்பாலும் குளியலறைத் தரையின் ஜல்லடை. அதற்குக் கீழே பிளம்பர்கள் நானி ட்ராப் என்று சொல்லும் கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்க வேண்டும். சாக்கடை நாற்றத்தையும் பூச்சியையும் தடுக்கும் கதவே அந்தத் தண்ணீர்தான். மகரஜோதி முடிந்து ஐயப்ப சாமிமார் கூட்டம் கலைந்ததும் பல அறைகள் பூட்டுப்போட்டுக் கிடக்கும். மாசி, பங்குனி, சித்திரை வெயிலில் அந்தத் தண்ணீர் வற்றிவிடும். ஆனியில் முதல் சாரலோடு வருகிறவர் திறக்கும் அறையில், கதவில்லாத வீடு மாதிரி சாக்கடை திறந்துகிடக்கிறது. சீசன் தொடக்கத்தில் கரப்பான் அதிகம் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். வரவேற்பில் கேட்டால், "மழக்காலம்லா சார், அப்படித்தான் இருக்கும்" என்று அண்ணாச்சி சமாதானம் சொல்வார். மழையைவிட வறட்சிக்குத்தான் இதில் பங்கு அதிகம்.

எனவே, அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைத் திறக்காமல் நேரே குளியலறைக்குப் போய் ஜல்லடையில் இரண்டு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். வாஷ்பேசினிலும் கொஞ்சம் விடுங்கள். படுக்கப் போகையில் தண்ணீர் நிரப்பிய வாளியைத் தூக்கி அந்த ஜல்லடை மேல் வைத்துவிடுங்கள். கரப்பானால் அரைமணி நேரம்கூட மூச்சடக்க முடியும், தண்ணீரைத் தாண்டி வருவதும் உண்டு, வாளி அதற்குத்தான். விளக்கு வெளிச்சம் தெரியும் அளவுக்குக் கதவடியில் சந்து இருந்தால் பழைய துண்டைத் திணியுங்கள். செலவு காசு இல்லை, பிள்ளைகளுக்குக் கெடுதல் இல்லை, விடிந்ததும் அதே வாளியில் குளித்துக்கொள்ளலாம். பெரிய ரகத்துக்கு எதிராக ஸ்ப்ரேயும் வாளியும் போட்டியிட்டால் வாளிக்குத்தான் என் ஓட்டு.

சின்ன ரகத்திடம் வாளி செல்லாது. அது சாக்கடையிலிருந்து வரவில்லை, அறையிலேயே பிறந்தது. பல மருந்துகளுக்கு ஈடுகொடுக்கப் பழகிய ரகமும்கூட. 2019இல் வந்த அமெரிக்க ஆய்வில், ஒரு மருந்தைத் தாங்கிய தலைமுறையின் குஞ்சுகள் தொடாத மருந்துகளையும் தாங்கின. அதனால் இங்கே போட்டி இரண்டுக்குள்தான்: சண்டை போட்டு அதே அறையில் இருப்பதா, அறையை மாற்றுவதா. மாற்றுங்கள். பக்கத்து அறை வேண்டாம், குழாயும் சுவரும் பொது. வேறு மாடி கேளுங்கள். "ஸ்ப்ரே அடிச்சுத் தாரோம் சார்" என்பார்கள். அதற்கு மசிய வேண்டாம். சீசன் சனிக்கிழமை மாற்று அறை கிடைக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். அப்போது பையைத் தரையிலும் கட்டிலடியிலும் வைக்காமல் ஆணியில் தொங்கவிட்டு, ஜிப்பைப் போட்டுவைப்பதுதான் மிச்சமிருக்கும் வழி.

தீனி விஷயத்தில் கேரி பேக்கும் சம்படமும் போட்டி என்றால் பேச்சே கிடையாது. நெல்லையப்பர் கோயில் பக்கம் வரிசையில் நின்று வாங்கிய அல்வாவின் நெய் காகிதத்தைத் தாண்டிக் கசியும். உடன்குடிக் கருப்பட்டி ஓலைப்பெட்டியில் வரும். கரப்பானுக்கு இரண்டும் விருந்து. மெல்லிய பிளாஸ்டிக்கையும் அது கடித்துவிடும். இறுக மூடும் எவர்சில்வர் சம்படம் ஒன்று எடுத்துவாருங்கள். தின்ற சால்னா கவரை அறைக் கூடையில் போடாமல் அன்றிரவே வெளித்தொட்டிக்குக் கொண்டுபோங்கள்.

சின்ன ரகத்தைப் பார்த்த அறையில் தங்கிவிட்டு ஊர் திரும்பினால், பையை வீட்டுக்குள் பிரிப்பதா, வெளியே பிரிப்பதா என்ற கடைசிக் கேள்வி இருக்கிறது. வெளியேதான். மொட்டைமாடியில் துணியை உதறி நேரே ஊறப்போட்டுவிட்டு, பையைக் கறுப்பு பிளாஸ்டிக் உறையில் கட்டி மத்தியான வெயிலில் வையுங்கள். ஐம்பது டிகிரிச் சூட்டைக் கரப்பான் தாங்காது. திருநெல்வேலி வெயில் அந்த உறைக்குள் அதைக் கொடுத்துவிடும். சென்னைக்காரர்களுக்கும் வெயிலுக்குக் குறைச்சல் இல்லை.