இரண்டாயிரம் ரூபாய் இயர்போன்: இந்த நான்கில் எது?

ஒயர் இயர்போன் 400 ரூபாய்க்கும் கிடைக்கிறது, 40,000 ரூபாய்க்கும் கிடைக்கிறது. ஆனால் கடந்த சில ஆண்டுகளாகப் போட்டி சூடுபிடித்திருப்பது 2,000 ரூபாயைச் சுற்றித்தான். மூன்டிராப் சூ 2, செவன் ஹெர்ட்ஸ் ஜீரோ 2, டாங்சூ வானர், கேஇசட் இசட்எஸ்என் ப்ரோ எக்ஸ் என்ற நான்கு பெயர்கள் திரும்பத் திரும்ப அடிபடுகின்றன. நான்கும் சீனத் தயாரிப்புகள். கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் விலை கொஞ்சம் ஏறி இறங்கினாலும் ஏறக்குறைய ஒரே பட்ஜெட்டுக்குள் அடங்குபவை. 'எதை வாங்கலாம்?' என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒலியைப் பற்றி மட்டுமே கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்த விலையில் ஒலி கிட்டத்தட்டத் தீர்ந்துபோன பிரச்சினை; நான்கில் மூன்று நன்றாகவே பாடுகின்றன. வாங்கியது ஒரு வருடம் தாண்டுமா என்பதை ஒயரும், அதை இயர்போனில் செருகும் உலோகப் பின்னும், காதுக்குள் நுழையும் குழாய் முனையில் (இனி இதை மூக்கு என்பேன்) இருக்கும் மெல்லிய வலையும்தான் முடிவு செய்கின்றன.

மலிவான இயர்போன் இவ்வளவு நன்றாக ஒலிக்க ஆரம்பித்தது எப்படி? ஒலிக்கருவிகள் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தில் ஆய்வாளர் ஷான் ஆலிவும் அவருடன் வேலை செய்தவர்களும் நிறையப் பேரைக் கேட்க வைத்து, பெரும்பாலோருக்குப் பிடித்த ஒலி எப்படி இருக்கிறது என்று ஒரு வளைகோடு வரைந்தார்கள். இன்னொரு பக்கம், செயற்கைக் காதுக் குழாய் வைத்து ஒலியை அளக்கும் கருவி மலிவாகிவிட்டது. '711 கப்ளர்' என்பார்கள். முன்பு பெரிய ஆய்வகங்களில் மட்டும் இருந்தது. இப்போது வீட்டில் உட்கார்ந்து விமர்சனம் எழுதுகிறவர் மேசையிலும் இருக்கிறது. எந்த இயர்போன் அந்த வளைகோட்டிலிருந்து எங்கே பிசகுகிறது என்பது படமாகவே வந்துவிடுவதால் தயாரிப்பாளர்கள் தப்பிக்க முடிவதில்லை. ஜீரோ 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: அதன் ஒலியை அமைத்ததே கிரினக்கிள் என்ற பெயரில் இயர்போன்களை அளந்து தரவரிசை போட்டுப் பிரபலமான சிங்கப்பூர் விமர்சகர்தான்.

சரி, ஒலிக்கு வருவோம். முதலில் பேஸ், அதாவது அடித்தொனி. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம், தவில், பேஸ் கிட்டார் இவை மூன்றும் சேர்ந்தால் எந்த இயர்போனின் சாயமும் வெளுத்துவிடும். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிரும். அவ்வளவு கீழே இறங்கி, அதே சமயம் பாடகரின் குரலை மூடாமல் ஒலிப்பதில்தான் திறமை இருக்கிறது. ஜீரோ 2 இதில் முதலிடம். அதன் பேஸ் ஆழத்தில் கனமாக இருக்கிறது, மேலே ஏற ஏறச் சட்டென்று ஒதுங்கிவிடுகிறது. குரல் மேல் படியவே இல்லை. 2022-இல் வந்த முதல் ஜீரோ கொஞ்சம் வறண்டது; அடுத்த ஆண்டு வந்த ஜீரோ 2-இல் அந்த வறட்சியைச் சரிசெய்திருக்கிறார்கள். சூ 2-இன் பேஸ் அளவானது. தொப்பியின் 'தொம்' கேட்கும், ஆனால் நெஞ்சில் இடிக்காது. குத்துப்பாட்டுப் பிரியர்களுக்கு இது போதாது என்று தோன்றலாம்.

வானரின் பேஸ் வேறு ரகம். ஆழத்தைவிட நடுப்பகுதியில் கொஞ்சம் சதைப்பிடிப்பு. அதனால் பழைய பாடல்கள், மெல்லிசான பதிவுகள் எல்லாம் இதில் செழிப்பாக ஒலிக்கின்றன. ஆண் குரலுக்கு நல்ல கனம் கிடைக்கிறது. தாங் வம்சத்து அரசவையில் இருந்த சாங்குவான் வானர் என்ற பெண் கவிஞரின் பெயரைத்தான் இதற்கு வைத்திருக்கிறார்கள். அதற்கேற்றபடியோ என்னவோ, நான்கில் குரலை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது இதுதான். கர்நாடக சங்கீதக் கச்சேரிப் பதிவு, ஆடியோ புத்தகம், பாட்காஸ்ட் என்று குரலே பிரதானமாகக் கேட்கிறவர்கள் மற்ற மூன்றையும் பார்க்கத் தேவையில்லை. நீண்ட நேரம் கேட்டாலும் காது சோர்வதில்லை.

இசட்எஸ்என் ப்ரோ எக்ஸில் இரண்டு டிரைவர்கள், அதாவது ஒலியை உண்டாக்கும் பாகங்கள்: பேஸுக்கு 'டைனமிக்' வகையில் 10 மில்லிமீட்டர் அளவில் ஒன்று, ட்ரெபிள் என்ற உச்சத்தொனிக்கு 'பேலன்ஸ்டு ஆர்மேச்சர்' வகையில் ஒன்று. மற்ற மூன்றிலும் ஒரே ஒரு 10 மில்லிமீட்டர் டைனமிக்தான். 'இரண்டு டிரைவர் என்றால் இரட்டிப்புத் தரம்' என்று விற்பனைப் பக்கம் நினைக்கச் சொல்கிறது. காது அப்படிச் சொல்வதில்லை. பேஸும் தூக்கல், ட்ரெபிளும் தூக்கல், நடுவில் பள்ளம். முதல் பத்து நிமிடம் அசத்தும். அப்புறம் நாதஸ்வரம் போட்டுக் கேளுங்கள். மனிதக் காதுக் குழாய் இயல்பிலேயே 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலியைப் பெருக்கும். நாதஸ்வரமோ இயல்பிலேயே வீச்சான வாத்தியம். அதற்கு மேலே இந்த இயர்போன் தன் பங்குக்கு ஏற்றிவிட்டால், சீவாளியின் கரகரப்பு ஊசியாகக் குத்துகிறது. பெண் குரலில் 'ஸ்', 'ஷ்' வரும் இடமெல்லாம் சீறுகிறது. ஜால்ரா தட்டினால் கேட்கவே வேண்டாம். எலெக்ட்ரானிக் இசை மட்டுமே கேட்பவருக்கு இது பிடிக்கலாம், நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வேவ்லெட் போன்ற செயலியில் ஈக்வலைசர் வைத்து ட்ரெபிளைக் குறைத்தால் பெருமளவு சரியாகும் என்பது உண்மை. ஆனால் வாங்கியதும் திருத்த வேண்டிய பொருளை ஏன் வாங்க வேண்டும்?

சூ 2-உம் கொஞ்சம் வெளிச்சமான ஒலிதான். ஆனால் அங்கே ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. வயலினின் வில் கம்பியில் உரசும் சத்தம், மிருதங்கத்தின் வலந்தலையில் விரல் நுனி படும் ஓசை போன்ற நுணுக்கங்கள் இதில்தான் தெளிவாகத் துலங்குகின்றன. சத்தத்தை மிகவும் கூட்டி வைத்துக் கேட்கும் பழக்கம் இருந்தால் மட்டும் மேல்பகுதி கொஞ்சம் கத்தும்.

ஒலி அவ்வளவுதான். ஜீரோ 2, வானர், சூ 2 மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் ருசி வித்தியாசம். இனிமேல் வருவதுதான் பணத்தைக் காப்பாற்றும் விஷயம்.

கையில் எடுத்ததும் மனதை அள்ளுவது சூ 2. துத்தநாகக் கலவையில் வார்த்த உடல், சின்னது, கனமானது, தொட்டால் சில்லென்று இருக்கும். ஜீரோ 2-உம் வானரும் இதன் பக்கத்தில் வெறும் பிளாஸ்டிக்காகத் தெரியும். ஆனால் உலோகத்தின் மேல் பூசிய பெயின்ட் ஓரங்களில் உதிர்கிறது. சாவியோடு ஒரே பாக்கெட்டில் போட்டால் சீக்கிரமே உதிரும். இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று மோதினாலும் அதேதான். பிளாஸ்டிக்கில் கீறல் விழும், உதிர எதுவும் இல்லை. கீழே விழுந்தாலும் எடை குறைவு என்பதால் அடி பலமாகப் படாது. படுத்துக்கொண்டு கேட்பவர்களுக்கும் எடை குறைந்ததே சுகம்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் உலோகம் வேறொரு தொல்லையும் தருகிறது. ஏசி அறையில் குளிர்ந்த உலோகத்தை வெதுவெதுப்பான காதுக்குள் செருகினால் உள்ளே ஈரம் கோக்கும். அந்த ஈரம் மூக்கின் வலையில் படிந்து துளைகளை அடைத்தால் ஒரு பக்கம் சத்தம் குறைந்துவிடும். இயர்போன் பழுதாகிவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. பல நேரங்களில் வலை மட்டும்தான் அடைத்திருக்கும். மூக்கைக் கீழ்நோக்கி வைத்து, புது ஷூ பெட்டிகளில் வருமே அந்தச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு டப்பாவில் ஓர் இரவு மூடி வைத்தால் பழையபடி பாடும். முதல் சூவில் இந்தக் குறை பரவலாகப் பேசப்பட்டது. சூ 2-இல் மூக்கையே திருகிக் கழற்றி மாற்றும்படி செய்துவிட்டார்கள். ஈரம் கோப்பது நிற்கவில்லை, ஆனால் கையாள வழி கிடைத்திருக்கிறது. கழற்றும்போது கீழே ஒரு வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். அந்தத் துணுக்கு தரையில் உருண்டால் தேடிக் கண்டுபிடிப்பது லேசில்லை.

முதல் சூவுக்கும் சூ 2-க்கும் உள்ள பெரிய வித்தியாசம் ஒலியில் இல்லை, ஒயரில். முதலாவதில் ஒயரைக் கழற்ற முடியாது. ஒயர் போனால் இயர்போனும் போச்சு. சென்னை ரிச்சி தெருவில் சால்டரிங் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களிடம் கொண்டுபோகலாம் என்பீர்கள். ஜாக் போனால் மாற்றிவிடுவார்கள். காதுப் பக்கம் போனால் கஷ்டம். உள்ளே முடியைவிட மெல்லிய கம்பிகள், ஒவ்வொன்றின் மேலும் எனாமல் பூச்சு. அந்தப் பூச்சைச் சால்டரிங் முனையில் சுட்டு எரித்தால்தான் ஈயம் ஒட்டும். கொஞ்சம் கூடுதலாகச் சுட்டால் கம்பியே போய்விடும். ஒட்டிய உடலைப் பிளந்து இதைச் செய்துவிட்டு மறுபடி மூடினால், பழைய ஒலி திரும்ப வரும் என்று சொல்ல முடியாது.

ஆகவே ஒயர் கழற்றும் வகையை மட்டும் வாங்குங்கள். இங்கே பேசும் நான்கும் அப்படித்தான். ஜீரோ 2, சூ 2, வானர் மூன்றிலும் 0.78 மில்லிமீட்டர் இரட்டைப் பின். ஒன்றின் ஒயர் மற்றதில் பொருந்தும், மாற்று ஒயர் எளிதில் கிடைக்கும். இந்தப் பின்களின் எதிரி பக்கவாட்டில் இழுப்பது. உடலைப் பிடிக்காமல் ஒயரைப் பிடித்து ஆட்டி ஆட்டிக் கழற்றினால் பின் வளையும், இல்லையென்றால் குழி தளரும். தளர்ந்த குழியில் பாட்டு விட்டு விட்டு வரும். இந்த ஒரு விஷயத்தில் இசட்எஸ்என் ப்ரோ எக்ஸ் மற்ற மூன்றையும் மிஞ்சுகிறது. அதன் பின்களைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கிறது. உடலில் துருத்திக்கொண்டிருக்கும் குழியின் மேல் அந்த உறை மூடிபோல உட்காருவதால் பின்கள் வளைய இடமே இல்லை. தினமும் பையில் சுருட்டிப் போடுகிறவர்களுக்கு இது பெரிய லாபம். இந்த உறையை வைத்துவிட்டு ஒலியை மட்டும் வேறு யாரிடமாவது அமைக்கக் கொடுத்திருக்கக் கூடாதா என்று தோன்றுகிறது.

காதில் மாட்டும் முறை தெரியாமல் நல்ல இயர்போனைத் திட்டுகிறவர்கள் நிறைய. இவை நான்கும் ஒயரைக் காதுக்கு மேலே சுற்றிப் பின்னால் விடுகிற வகை. தொங்கவிட்டு மாட்டினால் சரியாக உட்காராது. மூக்கின் மேல் மாட்டும் ரப்பர் டிப்பின் அளவு அதைவிட முக்கியம். காதுக்கும் ரப்பருக்கும் நடுவில் சின்ன இடைவெளி இருந்தாலும் முதலில் ஓடிப்போவது ஆழமான பேஸ்தான். தொப்பி கேட்கவில்லை, எல்லாம் தகரமாக ஒலிக்கிறது என்றால் ஒரு அளவு பெரிய டிப் போட்டுப் பாருங்கள். இரண்டு காதுக்கும் வேறு வேறு அளவு தேவைப்படலாம், அதில் தப்பில்லை. ஜீரோ 2-உக்கும் சூ 2-உக்கும் நான் சொன்ன பேஸ் வித்தியாசம் முழுவதையும் தப்பான டிப் ஒன்றே தலைகீழாக்கிவிடும்.

போனில் 3.5 மில்லிமீட்டர் ஜாக் இல்லையென்றால் டாங்கிள், அதாவது போனின் டைப்-சி துளையில் செருகும் சின்ன இணைப்பான் தேவை. சில மலிவான டைப்-சி இணைப்பான்களுக்குள் ஒலியை மாற்றும் சிப்பே இருக்காது, வெறும் ஒயர்தான். பல போன்களில் அவை வேலையே செய்யாது. சிப் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். ஆப்பிளின் டாங்கிள் விலைக்கு அருமையானது, ஆனால் ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் சத்தம் ரொம்பக் குறைவாக வரும். ஜீரோ 2-இன் மின்தடை 32 ஓம், கொஞ்சம் கூடுதலாக வால்யூம் கேட்கும். சூ 2-இன் மின்தடை 18 ஓம், எதிலும் சுலபமாகச் சத்தம் தரும். டாங்கிள் தொல்லையே வேண்டாம் என்றால் டைப்-சி முனையோடு வரும் சூ 2 டிஎஸ்பி என்ற வகை இருக்கிறது. போன் பேசுவதற்கும் வேண்டுமென்றால் மைக் உள்ள ஒயரா என்று பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். ஒரே மாடல் மைக்கோடும் மைக் இல்லாமலும் வரும்.

இதே பணத்துக்கு ப்ளூடூத் பட்ஸ் வாங்கலாமே என்பவர்களுக்கு: அதில் பணத்தின் பெரும்பங்கு பேட்டரிக்கும் சிப்புக்கும் போகிறது, அந்தப் பேட்டரியும் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவருக்கு அதுதான் வசதி என்றால் நான் மறுக்கவில்லை.

சென்னையிலிருந்தே இயங்கும் ஹெட்போன் ஜோன் உட்படப் பல தளங்களில் இவை கிடைக்கின்றன. ஒரே ஒன்றுதான் வாங்க முடியும் என்பவருக்கு என் ஓட்டு ஜீரோ 2. குரல் ரசிகர்களுக்கு வானர். வீட்டில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டு, பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் ஆளுக்குச் சூ 2. கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு, எப்படியும் ஆறு மாதத்தில் தொலைக்கப்போகிறான் என்று தெரிந்தே வாங்குவதானால் கேஇசட்டிலேயே இதைவிடக் குறைந்த விலையில் ஈடிஎக்ஸ் ப்ரோ இருக்கிறது. மீதிப் பணத்தில் கூடுதலாக ஒரு ஒயரும் ஒரு ஜோடி நல்ல டிப்பும் வாங்கிக் கொடுத்துவிடலாம்.