ஓட்டை விழுந்த சிப்பி பாக்கெட், வாங்கலாமா?

ஃபாஸில், அதாவது மண்ணுக்குள்ள புதைஞ்சு மிஞ்சுன பழங்கால உயிர்களோட மிச்சம் விக்கிற ஒரு ஆன்லைன் கடையில 'செகண்ட்ஸ்'னு தனியா ஒரு செக்‌ஷன் இருக்கு. முழுசா லட்சணமா இருக்கிற சிப்பியெல்லாம் நல்ல விலைக்கு போயிடும், அரிச்சது ஓரம் உடைஞ்சதெல்லாம் அள்ளி ஒரு கவர்ல போட்டு 12 டாலர்னு தள்ளி விடறாங்க. ரிவ்யூல பாதிப்பேரு "ஒரே ஓட்டை, காசு தண்டம்"னு ஒரு ஸ்டார் குடுத்து வெச்சிருக்காங்க. அட, நான் வாங்குனதே அந்த ஓட்டைக்குத்தாங்க!

வந்தது எல்லாமே செசபெக்டன் ஜெஃபர்சோனியஸ், உள்ளங்கை நிறையுற சைஸ் ஸ்காலப், விசிறி மாதிரி ஓடு இருக்கிற கடல் சிப்பி. அமெரிக்காவுல வெர்ஜீனியா மாநிலத்தோட அதிகாரப்பூர்வ ஃபாஸில் இது, 1993ல அறிவிச்சாங்க. வட அமெரிக்கா ஃபாஸில்லயே முதல்ல படம் போட்டு அச்சுல வந்தது இதுதான், 1687ல, மார்ட்டின் லிஸ்டர்ங்கிற இங்கிலாந்து இயற்கை ஆராய்ச்சியாளர் புண்ணியத்துல. இவ்ளோ புகழ் பெத்த சிப்பிக்கு கடைக்காரர் ஒட்டியிருக்கிற லேபிள் "டைனோசர் காலம்". டைனோசர் போய் 6.6 கோடி வருஷம் ஆச்சு சார், இது ஒரு நாப்பது அம்பது லட்சம் வருஷம்தான் இருக்கும்.

சரி ஓட்டைக்கு வருவோம். மேலருந்து பாத்தா குண்டூசி குத்துன சைஸ்ல வட்ட வட்டமா சின்ன ஓட்டைங்க, பெருசா ஒண்ணும் தெரியாது. உடைஞ்ச ஓரத்த திருப்பி நகைக்கடை லென்ஸ் வெச்சு பாருங்க, கரையான் அரிச்ச நிலைக்கதவு மாதிரி உள்ள முழுக்க அறை அறையா, ஒண்ணுலருந்து இன்னொண்ணுக்கு குட்டி வழி வேற. இது க்ளையோனா வகை ஸ்பான்ஜ், அதாவது கடல்பஞ்சுங்கிற கடல் உயிரி பண்ற வேலை, அது விட்டுட்டுப் போற இந்த தடத்துக்கு பேரு என்டோபியா. ஸ்பான்ஜுக்கு பல்லு கிடையாது, செல்லு ஆசிட் விட்டு சுத்தி அறுத்து துகள் துகளா பேத்து எடுத்து வெளிய தள்ளிடும். எனக்கு வந்ததுல ஒண்ணுல சிப்பியோட உள்பக்கத்துலயும் ஓட்டை திறந்து கெடக்கு, அப்ப உள்ள இருந்த பிராணி செத்து ஓடு காலியானதுக்கு அப்புறம்தான் அது விழுந்திருக்கணும், உயிரோட இருந்தா உள்ளருந்து பூசி அடைச்சிருக்கும்.

இதைவிட பொடிசும் இருக்கு. சயனோபாக்டீரியா (வெளிச்சத்துல வளர்ற ஒரு வகை பாக்டீரியா), பாசி, பூஞ்சை எல்லாம் மைக்ரான் கணக்குல, அதாவது மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு கணக்குல ஓட்டை போடும், லென்ஸுக்கெல்லாம் சிக்காது. லேப்ல வேக்குவம்ல ரெசினை (கெட்டியாகுற பிசின்) உள்ள இறக்கி, அது இறுகுனதும் சிப்பிய ஆசிட்ல கரைச்சிடுவாங்க, மிச்சம் நிக்கிற ரெசின்தான் அந்த சுரங்கத்தோட அச்சு, அதை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பாப்பாங்க. பாசிக்கு வெளிச்சம் வேணும், பூஞ்சைக்கு தேவையில்ல. அதனால எது யார் போட்டதுன்னு பாத்தா அந்த சிப்பி வெளிச்சம் படற ஆழத்துல கெடந்துச்சா இருட்டுலயான்னு சொல்லிடலாம்.

என் கடுப்பே இங்கதான். பளிச்சுனு இருக்கட்டும்னு கடைக்காரர் சிலதை ஆசிட்ல கழுவியிருக்காரு, ஆசிட் முதல்ல தின்னுறது மேல் தோலத்தான், அந்த பொடி சுரங்கமெல்லாம் இருக்கிறதும் அங்கதான். இன்னொண்ணுக்கு வார்னிஷ் வேற, ஓட்டையெல்லாம் அடைஞ்சு போச்சு. வாசல்ல காட்சிக்கு வெக்கலாம், வேற ஒண்ணுத்துக்கும் ஆகாது.

பேக்கிங் பரவாயில்ல, ஒவ்வொண்ணையும் பேப்பர்ல தனித்தனியா சுத்தித்தான் அனுப்புனாங்க, வழியில எதுவும் உடையல. ஸ்கூல் படிக்கிற பசங்க இருக்கிற வீட்டுக்கு தாராளமா வாங்கலாம். நாலு ஸ்டார் குடுக்கறேன், ஒண்ணு அந்த வார்னிஷுக்காக கட். ஆர்டர் போடும்போது நோட்ல "கழுவ வேணாம், பாலிஷ் வேணாம், மண்ணோட அப்படியே அனுப்புங்க"ன்னு எழுதிடுங்க, ஓரம் உடைஞ்சதா ரெண்டு சேத்து கேளுங்க, அதுக்கு தனி காசு வாங்க மாட்டாங்க.