வெள்ளவத்தையில் காலாவதியான ஒரு வீடு

நான் கனடாவில், ஸ்காபரோவில் இருந்து பார்க்கும்போதே அந்த விளம்பரத்தின் மேல் 'காலாவதியாகிவிட்டது' என்று விழுந்திருந்தது. கொழும்பு வெள்ளவத்தை, காலி வீதிக்குக் கடற்பக்கம், 6 பேர்ச் காணி, பழைய ஓட்டு வீடு. ரியூஷன் காலத்தில் நான் சைக்கிளில் போய்வந்த ஒழுங்கை அது. படத்தைத் தொலைபேசியில் சேமித்துக்கொண்டேன். மூன்று கிழமை விடுமுறையில் இதையும் ஒருக்கால் பார்ப்போம் என்றுதான் நினைப்பு.

ஒன்ராறியோவில் ஒரு விளம்பரம் காலாவதியானால், வீட்டுக்காரருக்கும் முகவருக்கும் இடையிலான ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகும், ஒப்பந்தத்தில் எழுதிய நாட்களுக்குள் அந்த முகவர் முன்பு காட்டிய ஆளே வீட்டை வாங்கினால், அவருக்குக் கமிஷன் போகும். ஆகவே முதலில் அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவோம். கொழும்பில் நான் பார்த்த விளம்பரத்துக்கு அப்படி ஒரு பின்னணியும் இல்லை. யாரோ போட்டார்கள், நாள் முடிந்ததும் விழுந்துவிட்டது. வீடு விற்றதா, விலை மாறியதா, வீட்டுக்காரர் மனம் மாறினாரா, எதுவும் அதில் தெரியாது.

கொழும்புக்கு வந்ததும் விளம்பரத்தில் இருந்த இலக்கத்துக்கு அழைத்தேன். எடுத்தவர் புரோக்கர். "அது வித்தாச்சு தம்பி, தெஹிவளையில இதைவிட நல்லது இருக்கு" என்றார். இரண்டு நாள் அவர் பின்னால் அலைந்து நான்கு தொடர்மாடிகள் பார்த்தேன். மேல் மாடிக்கு லிஃப்ட் இல்லாத ஒன்றை 'நல்ல காத்தோட்டம்' என்றார். பெற்றோல் காசு என்று 5000 ரூபாயும் போனது. மூன்றாம் நாள் பின்னேரம் சும்மா அந்த ஒழுங்கைக்குள் நடந்தேன். முனைக் கடைக்காரரிடம் சோடா வாங்கிக்கொண்டு விசாரித்தால், "ஆர் சொன்னது வித்ததெண்டு? அன்ரி உள்ளுக்குத்தான் இருக்கிறா" என்றார்.

அந்த இரண்டு நாளையும் நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான். முதலில் கடைக்காரரிடம் போயிருக்க வேண்டும்.

அன்ரிக்கு எழுபது வயதிருக்கும். விளம்பரத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்று சொன்னதே அவர்தான். நேரங்காலம் இல்லாமல் ஆட்கள் வந்து, மனிதர் இருக்கும்போதே சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, 'இடிச்சுப்போட்டு எத்தினை மாடி கட்டலாம்' என்று அவர் முன்னாலேயே பேசினார்களாம். நான் ஊரைச் சொல்லி, பள்ளிக்கூடத்தைச் சொல்லி, தேத்தண்ணீர் வந்த பிறகுதான் காணி உறுதி, அதாவது வீட்டுப் பத்திரம், வெளியே வந்தது. ஒரு மலிபன் பிஸ்கட் டின், உள்ளே பூச்சி உருண்டை வாசம். நில அளவைப் படம் மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, ஒட்டிய ரேப் மஞ்சளாகிப் போயிருந்தது. கடற்பக்கத்தால் ரயில் போக, ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் சேர்ந்து நடுங்கின. உறுதியில் மூன்று பெயர்கள். அன்ரி, யாழ்ப்பாணத்தில் இருக்கும் தம்பி, பாரிஸில் இருக்கும் தங்கச்சி. வீடு ஏன் இன்னும் விற்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

அடுத்த நாள் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் போனேன். உறுதி எழுதும் நொத்தாரிசும் அவர்தான். அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்தப் பாஸ்போர்ட்?" 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜையின் பெயருக்குக் காணி எழுத முடியாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. என்னிடம் அந்தச் சான்றிதழ் இருந்தது, மனைவியிடம் இல்லை. அவர் பெயரையும் சேர்க்கும் கதை அதோடு சரி. பணத்தை வங்கி வழியாக, உள்முக முதலீட்டுக் கணக்கு ஒன்றைத் திறந்தே கொண்டுவரச் சொன்னார். பிறகு விற்றால் காசைத் திரும்ப வெளியே கொண்டுபோக அது வேண்டும்.

நான் எழுதிக்கொண்டு போயிருந்த விலைக் கடிதத்தை வாசித்துவிட்டுச் சிரித்தார். "இது காதல் கடிதம் மாதிரி. குடுக்கலாம், வழக்குப் போட ஏலாது." அசையாச் சொத்தை விற்பதாக இருந்தாலும், விற்பதாக உடன்படுவதாக இருந்தாலும், நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையெழுத்தாக வேண்டும். 1840இல் வந்த 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இன்னும் அதைத்தான் சொல்கிறது. ஆகவே கடிதத்தைக் கொடு, அட்வான்ஸ் மட்டும் கொடுக்காதே என்றார். முத்திரைத் தீர்வையையும் கணக்கில் எடுக்கச் சொன்னார். முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம்; ஒரு கோடிக்கு 3 இலட்சத்து 99 ஆயிரம்.

கடந்த 30 வருடத்தில் அந்தக் காணியின் மேல் என்னென்ன பதிவாகியிருக்கிறது என்று தேட, காணிப் பதிவகத்துக்குச் சட்டத்தரணியின் கிளார்க் போனார். நானும் கூடப் போய் வாங்கில் இருந்தேன். பெரிய தடித்த பதிவேடு, ஓரங்கள் நைந்து போனது. அதில் ஒரு பழைய ஈடு, அதாவது அடமானம், அகப்பட்டது. கடன் எப்போதோ கட்டி முடிந்துவிட்டது, ஆனால் மீட்பைப் பதியவில்லை. அன்ரிக்கே அது மறந்துபோயிருந்தது. மாநகர சபையில் எடுக்க வேண்டிய வீதி எல்லைச் சான்றிதழ் போன்றவற்றைக் கிளார்க்கே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார், நான் அலையவில்லை.

விளம்பர விலையில் பத்தில் ஒரு பங்கு குறைத்து, ஈட்டை மீட்டுப் பதிந்து, மூவரும் கையெழுத்து வைத்தால் வாங்குவேன் என்று கடிதத்தைத் திருத்தி எழுதினேன். அன்ரி கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். விலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. "மூண்டு பேருக்கும் மூண்டு கொப்பி எடுத்தனீங்களோ?" என்று மட்டும் கேட்டார். நான் எடுக்கவில்லை. சந்தியில் போட்டோகொப்பி எடுத்து வந்தேன்.

தம்பிக்காரருக்குச் சம்மதமாம். தங்கச்சி வரமாட்டார், தனக்காக இன்னொருவர் கையெழுத்து வைக்க அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் அனுப்ப வேண்டும். அதைப் பாரிஸில் உள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்தி, இங்கே கொன்சியூலர் பிரிவிலும் சரிபார்க்க வேண்டும். நான் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குக் கிளம்பும்வரை தூதரகத்துக்குப் போக அவருக்கு லீவு கிடைக்கவில்லை. யூரோவில் எவ்வளவு வரும் என்று மட்டும் அக்காவிடம் கேட்டிருக்கிறார். என் கடிதம் இப்போது பிஸ்கட் டின்னுக்குள், அந்தக் கிழிந்த படத்துக்கு மேல் கிடக்கிறது.