கன்சாஸின் 'வாக்-இன்' வேட்டை நிலங்கள்: நான்கு சீசன் நடந்த பிறகு

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்துக்கு வந்த புதிதில் வேட்டைக்குப் போக ஆசைப்பட்டேன், போக இடம்தான் இல்லை. மாநிலத்தில் கிட்டத்தட்ட 97 சதவீத நிலம் தனியாருடையது, ஒரு விவசாயியைக்கூடத் தெரியாதவன் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? மாநில வனவிலங்குத் துறை 1995-இல் தொடங்கிய 'வாக்-இன் ஹன்ட்டிங் ஆக்சஸ்' திட்டம்தான் எனக்கு வழிவிட்டது. நிலக்காரருக்குப் பணம் கொடுத்துத் துறையே குத்தகைக்கு எடுத்துவிடுகிறது, லைசென்ஸ் வைத்திருக்கிற யாரும் யாரிடமும் அனுமதி கேட்காமல் உள்ளே போய் வேட்டையாடலாம். 10 லட்சம் ஏக்கருக்கு மேல் இப்படித் திறந்திருக்கிறது.

பயன்படுத்துவது சுலபம். வருடாவருடம் வரும் வரைபடப் புத்தகத்தில் இடத்தைப் பார்த்து, வேலியோரப் பலகையில் தேதியைச் சரிபார்த்து, வண்டியை ரோட்டோரம் விட்டுவிட்டு நடக்க வேண்டியதுதான். வண்டி உள்ளே போகக் கூடாது. எனக்கு அந்த விதி ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் எல்லா நிலமும் ஒன்றல்ல. அறுவடை முடிந்து தாளைத் தரையோடு வெட்டிய வயலில் மூன்று மணி நேரம் நடந்தாலும் ஒரு இறகு கண்ணில் படாது. அதற்குப் பக்கத்திலேயே இடுப்புயரப் புளூஸ்டெம் புல், ஓரத்தில் காட்டு பிளம் புதர், நடுவே உயரமாக விட்டுவைத்த சோளத்தட்டை என்று இருந்தால் கதையே வேறு. போன டிசம்பரில் அப்படி ஒரு இடத்தில் உறைபனி பேன்ட் முழுக்க ஒட்டிக்கொள்ள நடந்துகொண்டிருந்தேன், நண்பரின் நாய் சட்டென்று அசையாமல் நின்றது, என் காலடியிலிருந்தே ஒரு சேவல் பெசன்ட் (கோழி இனத்துக் காட்டுப் பறவை) கத்திக்கொண்டு கிளம்பியது. நான் சுடவே மறந்துவிட்டேன், அவ்வளவு அழகு. (பெசன்ட்டில் சேவலை மட்டும்தான் சுடலாம், ஒருவருக்கு நாளுக்கு 4.)

அதனால் என் தீர்ப்பு இதுதான்: நுழைய விடுவதற்குக் கொடுக்கும் பணத்தைவிட, புல்லை விட்டுவைப்பதற்குக் கொடுக்கும் பணம்தான் பலன் தருகிறது. பெசன்ட் குஞ்சுக்கு முதல் சில வாரம் பூச்சிதான் சாப்பாடு, பூச்சி வேண்டுமென்றால் பூவும் புல்லும் கலந்து நிற்க வேண்டும். ஐயோவா மாநிலத்தில் 2011-இல் வந்த திட்டம் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறது: புல்வெளியைச் சீர்படுத்த நிலக்காரருக்கு உதவித்தொகை, பதிலுக்கு செப்டம்பர் முதல் மே வரை வேட்டைக்கு அனுமதி. இரண்டுக்கும் சேர்த்தே மாநிலங்களுக்கு நிதி கொடுக்கும் ஒரு மத்திய திட்டமும் உண்டு, 2018 வேளாண் சட்டம் அதற்கு 5 கோடி டாலர் ஒதுக்கியது. வேலையின் அளவுக்கு இது சின்னத் தொகை, இன்னும் கொடுக்க வேண்டும்.

எனக்கு வருத்தம் வேட்டைக்காரர்கள் மேல்தான். ஒரு நாள் வேலியோரத்தில் மட்டும் இருபது காலித் தோட்டாக்களைப் பொறுக்கினேன், பக்கத்தில் பீர் டப்பா வேறு. அந்த நிலக்காரர் அடுத்த வருடம் கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் அவரை யார் குறை சொல்ல முடியும்?

புதிதாகப் போகிறவர்கள் நவம்பரில் சீசன் தொடங்கும் வார இறுதியைத் தவிர்த்துவிடுங்கள், ஒரே கூட்டம். ஜனவரியில் ஒரு வாரநாள் காலையில் போங்கள், அப்புறம் பாக்கெட்டில் ஒரு குப்பைப் பையும் இருக்கட்டும்.