கழிவு காணாமற்போகும் இடம்: ரூபியோடு நீண்டகாலப் பாவனை

செங்கலடி, சம்மாந்துறைப் பக்கத்து அரிசி மில்களுக்குக் கணக்கு மென்பொருள் எழுதுகிறேன். பல வருடமாகக் கை பழகிய நிரல் மொழி ரூபி. அடைப்புக்குறி இல்லாமலே மெதட்டை, அதாவது பெயர் வைத்த கோட் துண்டை, கூப்பிடலாம் என்பதால் கோட் வாசிக்க அவ்வளவு சுகம். ஆனால் 'கழிவு' (விலைத் தள்ளுபடி) என்று மட்டும் எழுதியிருந்தால் அது மாறியா (பெறுமதி வைக்கும் பெயர்) மெதட்டா என்று கண்ணுக்குத் தெரியாது.

ரூபி இதை ஓடும்போது தீர்மானிப்பதில்லை. வாசிக்கும்போதே பார்சர், அதாவது கோட்டை வாசித்துப் பிரிக்கும் பகுதி, முடிவெடுத்துவிடும். அதே ஸ்கோப்பில் (பெயர் செல்லுபடியாகும் எல்லைக்குள்) மேலே 'கழிவு =' என்று கண்டிருந்தால் அதன்பின் அது மாறி, இல்லாவிட்டால் மெதட். அந்த வரி ஓடியதா என்பது கணக்கிலேயே இல்லை.

வில்லங்கம் இங்கேதான். கழிவு என்ற மெதட் 5 தருகிறது என்று வையுங்கள். பில் போடும் இடத்தில் 'கழிவு நில் என்றால், கழிவு = 0' என்று ஒரு இஃப் (நிபந்தனை) எழுதுகிறோம்; நில் என்றால் ரூபியில் 'ஒன்றுமில்லை'. நிபந்தனையில் இருப்பது மெதட். 5 வருகிறது, உள்ளே போகவில்லை. ஆனால் உள்ளே இருந்த வரியைப் பார்சர் பார்த்துவிட்டது. இஃப் முடிந்தபிறகு வரும் கழிவு, பெறுமதி வைக்கப்படாத மாறி, அதாவது நில். அதை முழு எண்ணாக மாற்றினால் 0. எரர் எதுவும் வராது, வாடிக்கையாளருக்குக் கழிவும் கிடைக்காது. மூட்டை என்றும் ஒரு மெதட் இருக்க, 'மூட்டை = மூட்டை + 10' என்று எழுதுவது இதைவிட நல்லது: வலப்பக்க மூட்டையும் நில்தான் என்பதால் உடனே எரர் வந்துவிடும்.

ஜாவாவில் இந்தப் பிரச்சினையே இல்லை. ஃபீல்டுக்கும் (தரவு வைக்கும் மாறி) மெதட்டுக்கும் தனித்தனிப் பெயர்வெளி. அடைப்புக்குறி இருந்தால் மெதட், அவ்வளவுதான். உயர்தர ஐ.சி.ரி. பிள்ளைகள் படிக்கும் பைதன் வேறு மாதிரி. ஒரு பெயர், ஒரு பொருள். ஆப்ஜெக்டில் (தரவும் மெதட்டுகளும் சேர்ந்த தொகுப்பு) 'செல்ஃப்.கழிவு = 5' என்று வைத்தால் அதே பெயர் மெதட் மறைந்துவிடும்; பிறகு கூப்பிட்டால், முழு எண்ணைக் கூப்பிட முடியாது என்று சத்தமாகச் சொல்லும். அந்தச் சத்தத்துக்காகவே ஆரம்பிப்பவர்களுக்குப் பைதனைச் சொல்வேன்.

ரூபியை விடும் எண்ணம் எனக்கில்லை. மெதட்டுகளைச் சின்னதாக வைத்தால் 'மேலே எங்காவது' என்பது நாலைந்து வரிக்குள் அடங்கிவிடும். பெறுமதி மாற்றும்போது 'செல்ஃப்.' போடாமல் விட்டால் செற்றர் (பெறுமதியை மாற்றும் மெதட்) ஓடாது, புது மாறிதான் உருவாகும். ஆகவே 'செல்ஃப்.' போடுவது கட்டாயம். சந்தேகமான இடத்தில் 'கழிவு()' என்று வெற்று அடைப்புக்குறி போட்டால் ரூபி அதை மெதட்டாகத்தான் எடுக்கும்.